சாவி யார் கையில் இருந்தது?

பழைய காலத்தில் நடக்கும் துப்பறியும் நாவல்களைப் பற்றி, அதிலும் போலீஸ் வேலையோ துப்பறியும் உத்தியோகமோ இல்லாத சாதாரணப் பெண் துப்புத் துலக்கும் நாவல்களைப் பற்றி, கேள்வி கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 31 வருஷம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். இரவுப் பணியில் ஒட்டிக்கொண்டது இந்த வாசிப்பு. கதையில் ஒரு மருந்தோ விஷமோ வந்துவிட்டால், அளவு சரிதானா, அந்த வருஷத்தில் அது கடையில் கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

கேள்வி: அந்தக் காலத்தில் ஒரு பெண் வாசலைத் தாண்டவே வீட்டில் அனுமதி கேட்க வேண்டும். அவள் கொலைகாரனைக் கண்டுபிடித்தாள் என்பது காதில் பூச்சுற்றுவது இல்லையா? (கல்லூரி மாணவி ஒருவர்)

எனக்கும் ஆரம்பத்தில் இதே சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது நிஜத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாறு. கார்னீலியா சொராப்ஜி, 1866-ல் நாசிக்கில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்த முதல் பெண். 1892-ல் தேர்வு எழுதினார். பட்டம் கைக்கு வர 1922 ஆகிவிட்டது. 1920 வரை அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டமே கொடுக்கவில்லை.

1904-ல் அவருக்கு வங்காளத்தில் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரசு அமைப்பில் வேலை கிடைத்தது. வயது வராத வாரிசுகளின் சொத்தையும், தானே நிர்வகிக்க முடியாதவர்களின் சொத்தையும் அரசு பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்த வீட்டுப் பெண்கள் பர்தாவில் இருந்தவர்கள். வெளி ஆண்கள் அவர்களைப் பார்க்கக் கூடாது. வக்கீல், நீதிபதி, போலீஸ், சொத்துக்கணக்குப் பார்க்கும் ஏஜெண்ட் எல்லோருமே ஆண்கள். அப்புறம் அந்தப் பெண் சொல்வது எப்படி வெளியே வரும்? நடுவில் ஒருவர் போய் வந்து, 'அம்மா சம்மதித்துவிட்டார்கள்' என்று ஒரு காகிதத்தை நீட்டினால் அதுதான் உண்மை. சொராப்ஜி உள்ளே போனார். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் வாயாலேயே கேட்டார். ஏறக்குறைய 20 வருஷத்தில் 600-க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவியிருக்கிறார்.

சுஜாதா மாஸ்ஸி எழுதும் பெர்வீன் மிஸ்திரி நாவல்களுக்கு இவர்தான் தூண்டுதல். முதல் நாவல், 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்', 2018-ல் வந்தது. கதை நடப்பது 1921 பம்பாயில். மூன்று விதவைகள், கணவர் விட்டுப்போன பங்கை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக ஒரு கடிதம் வருகிறது. பெர்வீன் சட்டம் படித்தவள், அப்பாவின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள், ஆனால் கோர்ட்டில் ஏறி வாதாட முடியாது. அந்தக் கையெழுத்துகளைப் பார்த்ததும் அவளுக்கு உறுத்துகிறது. நேரில் போய்க் கேட்க அவள் ஒருத்தியால்தான் முடியும். போகிறாள். இந்தியாவில் பெண்கள் வக்கீல் தொழில் செய்யலாம் என்று சட்டம் வந்தது 1923-ல். ஆசிரியர் 1921-ஐ எடுத்தது ஏன் என்று இப்போது புரியும். கோர்ட் கதவு மூடியிருக்கிறது, அந்தப்புரக் கதவு திறந்திருக்கிறது. இரண்டும் ஒரே காரணத்தால், அவள் பெண் என்பதால். நீங்கள் தடை என்று சொல்வதிலிருந்துதான் இந்தக் கதை பிறக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஏரியானா ஃப்ராங்க்ளின் எழுதிய 'மிஸ்ட்ரஸ் ஆஃப் தி ஆர்ட் ஆஃப் டெத்' நடப்பது 1171-ல், கேம்பிரிட்ஜில். நாயகி அடீலியா, இத்தாலியின் சலெர்னோவில் மருத்துவம் படித்தவள், இறந்த உடலைப் பார்த்துச் சாவின் காரணம் சொல்லத் தெரிந்தவள். சலெர்னோவில் பெண் வைத்தியம் பார்க்கலாம். இங்கிலாந்தில் அதே பெண்ணைச் சூனியக்காரி என்பார்கள். அதனால் கூட வந்த மன்சூர்தான் வைத்தியர், அவள் அவருக்கு உதவியாள் என்று நடிக்கிறார்கள். நோயாளியைத் தொடுவதும் முடிவு செய்வதும் அவள். ஊர் கும்பிடுவது அவரை. ஒவ்வொரு காட்சியிலும் இந்தப் பொய் எப்போது உடையுமோ என்று நமக்கு மூச்சு முட்டும்.

உங்கள் கோபம் நியாயமான இடமும் உண்டு. 1880-ல் நடக்கும் கதை. நாயகி யாரையும் கேட்காமல் பிணவறைக்குள் நுழைவாள், இன்ஸ்பெக்டர் கோப்பை எடுத்து அவள் கையில் கொடுப்பார், இரவு தனியாகத் துறைமுகத்துக்குப் போவாள், காலையில் வீட்டில் ஒருவர்கூட எங்கே போனாய் என்று கேட்கமாட்டார். அப்படிப்பட்ட நாவல்கள் நிறையவே வருகின்றன. ஐம்பது பக்கத்துக்கு மேல் நான் தாண்டுவதில்லை.

கேள்வி: மிஸ் மார்பிள் கதைகளைச் சரித்திரத் துப்பறியும் கதை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. துப்புத் துலக்கும் கல்யாணமாகாத கிழவி மிஸ் மார்பிள், அகதா கிறிஸ்டியின் பாத்திரம். முதன்முதலில் ஒரு சிறுகதையில் வந்தது 1927-ல், முதல் நாவல் 1930-ல். கிறிஸ்டி தன் கண்முன் இருந்த காலத்தைத்தான் எழுதினார். நமக்குத்தான் அது பழசு. மிஸ் மார்பிள் வருவதற்கு 30 வருஷம் முன்னாலேயே, 1897-ல், அமெரிக்காவில் ஆனா கேத்தரீன் கிரீன் என்ற பெண் எழுத்தாளர் அமீலியா பட்டர்வொர்த் என்ற கல்யாணமாகாத நடுவயதுப் பெண்மணியை உருவாக்கிவிட்டார். நடுராத்திரி ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், ஆளில்லாத பக்கத்து வீட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் நுழைகிறார்கள். அங்கே தொடங்குகிறது துப்பு. அதுவும் அன்றைய சமகாலக் கதைதான்.

ஆனால் அதே கிறிஸ்டி 1944-ல் நிஜமாகவே ஒரு சரித்திர நாவல் எழுதினார். 'டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்', நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய எகிப்தில் நடப்பது. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: டி.என்.ஏ. இல்லை, கேமரா இல்லை, விரல்ரேகைகூட இல்லை. அந்தக் காலத்தில் குற்றத்தை எப்படி நிரூபிக்க முடியும்? கடைசியில் கொலையாளி தானே ஒப்புக்கொண்டால்தான் உண்டு என்று தோன்றுகிறது.

விஷத்தை எடுத்துக்கொள்வோம், எனக்குத் தெரிந்த இடம் அதுதான். வெள்ளைப் பாஷாணம் என்கிற ஆர்சனிக்குக்கு ருசி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மாவில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. வாந்தியும் பேதியும் காலரா போலவே இருக்கும். எலிக்கு என்று சொல்லி வாங்கிவிடலாம்.

1833-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. தாத்தாவுக்குக் காபியில் ஆர்சனிக் கொடுத்ததாகப் பேரன் ஜான் போடில் மேல் குற்றச்சாட்டு. வூல்விச் ராணுவ ஆயுதசாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியல்காரர் சோதித்து மஞ்சள் வீழ்படிவை எடுத்தார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அது கெட்டுப்போனது. ஜூரி நம்பவில்லை, பேரன் விடுதலை. பிற்பாடு அவனே ஒப்புக்கொண்டான். மார்ஷுக்கு அது பொறுக்கவில்லை. 1836-ல் புதிய சோதனை ஒன்றை வெளியிட்டார். சந்தேகப்படும் பொருளோடு துத்தநாகமும் அமிலமும் சேர்க்க வேண்டும். ஹைட்ரஜன் கிளம்பும். ஆர்சனிக் இருந்தால் அது வாயுவாகி ஹைட்ரஜனோடு சேர்ந்து வரும். வாயு வெளிவரும் முனையில் தீ வைத்து, அந்தச் சுடருக்கு நேரே குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால், கறுப்பாக, வெள்ளி மினுமினுப்போடு கண்ணாடி மாதிரி ஒரு படலம் படியும். ஜூரி கையில் வாங்கிப் பார்க்கலாம், கெட்டுப்போகாது. ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு ஆர்சனிக் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: அந்த வாயு ஆளைக் கொல்லும். 1815-ல் கெஹ்லன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதனால்தான் இறந்தார். நாயகி ஜன்னலைக்கூடத் திறக்காமல் சமையலறையில் இதைச் செய்துகாட்டினால் அந்த ஆசிரியரை நம்பாதீர்கள்.

ஆனால் சோதனை சொல்வது, உடலில் விஷம் இருந்தது என்பதை மட்டும். யார் கொடுத்தது? அங்கேதான் பதிவேடு வருகிறது. பிரிட்டனில் 1851-ல் ஆர்சனிக் விற்பனைக்கு ஒரு சட்டம் போட்டார்கள். வாங்குபவர் பெயர், விலாசம், எவ்வளவு, எதற்கு என்று கடைக்காரர் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் இருவருக்கும் தெரிந்த ஒரு சாட்சி வேண்டும். சின்ன அளவில் விற்கும்போது கரியோ அவுரி நீலமோ கலந்து நிறம் ஏற்ற வேண்டும். இந்தச் சட்டத்துக்கான மசோதாவில் ஒரு கட்டத்தில், வயது வந்த ஆண்களுக்கு மட்டும்தான் விற்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. பெண் கைக்கு விஷம் போனால் ஆபத்து என்ற பயம். தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். பிறகு அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். ஒரு நல்ல எழுத்தாளர் கையில் இந்த ஒரு சட்டத்திலிருந்து மூன்று நாவல் வரும்.

பதிவேடு எப்படிப் பேசும் என்பதை என் அனுபவத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மார்ஃபினைப் பூட்டிய அலமாரியில் வைப்போம். எடுத்தால் நேரம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் காலையில் புத்தகத்தில் 14 ஆம்பூல் (ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி), அலமாரியில் 13. நர்ஸ்கள் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். இரவு மூன்று மணிப் பதிவில் எல்லா எழுத்தும் ஒரே மையில் இருந்தது, இரண்டாவது கையெழுத்து மட்டும் வேறு மை. அதாவது அது அப்போதே போட்டதில்லை. கையெழுத்துப் போட்ட பெண்ணைத் தனியே கூப்பிட்டு, 'மூணு மணிக்கு எங்கேம்மா இருந்தே?' என்று மட்டும் கேட்டேன். ஒரு ஆம்பூல் கை நழுவி உடைந்திருக்கிறது. பதற்றத்தில் இன்னொன்றை எடுத்து நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு, ஒன்று என்று எழுதிவிட்டார்கள். சாட்சிக் கையெழுத்து விடிந்த பிறகு. கண்ணாடித் துண்டுகள் துணியில் சுற்றி டிரேயிலேயே இருந்தன. பதினைந்து நிமிஷம் ஆனது.

பெண் துப்பறிவாளரின் வேலை பெரும்பாலும் இந்த மாதிரிதான். மளிகைக் கணக்கு, சலவைக்குப் போன துணிப் பட்டியல், மருந்துக் குப்பியில் இறங்கிய மட்டம். இந்தக் காகிதங்களும் குப்பிகளும் வீட்டுப் பெண்களின் கண்ணில்தான் தினமும் படும். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் அதிகாரி அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்.

வருஷங்களைச் சரிபார்க்க விரும்பினால் இரண்டை நினைவில் வையுங்கள். கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது 1897, லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் 1901. கறை மனித ரத்தமா மிருக ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனையும் 1901-ல்தான் வந்தது. 1885-ல் நடக்கும் கதையில் டாக்டர் 'இது மனித ரத்தமேதான்' என்று அடித்துச் சொன்னால் அது தப்பு.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கொலைக்கதை கொடுக்கலாமா?

ஆலன் பிராட்லியின் ஃப்ளேவியா டி லூஸ் வரிசையைக் கொடுங்கள். 1950-ல் ஓர் ஆங்கிலேயக் கிராமம், நாயகிக்கு 11 வயது, பழைய வீட்டின் ஒரு பக்கத்தில் முழு ரசாயனக்கூடம், ஊர் சுற்ற 'கிளாடிஸ்' என்று பெயர் வைத்த சைக்கிள். சின்னப் பெண் என்பதால் அவள் எதிரிலேயே பெரியவர்கள் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள், அதுதான் அவளுக்கு வசதி. முதல் நாவல் வந்த 2009-ல் ஆசிரியருக்கு வயது எழுபதை ஒட்டி. ஃப்ளேவியாவுக்கு விஷங்கள் மேல் தீராத ஆசை, அதனால் முதல் புத்தகத்தை மட்டும் நீங்களும் கூடவே உட்கார்ந்து படியுங்கள். மகள் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: நாயகி புத்திசாலி என்று காட்ட, போலீஸ்காரர் எல்லோரையும் மடையர்களாக ஆக்கிவிடுகிறார்களே? (ஓய்வு பெற்ற காவல்துறை ஊழியர்)

உங்கள் வருத்தம் சரி. அது சோம்பேறித்தனமான எழுத்து. எதிரில் நிற்பவர் கெட்டிக்காரராக இருந்தால்தான் நாயகி முந்துவதற்கு மதிப்பு. ஹரிணி நாகேந்திராவின் 'தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்' (2022) உங்களுக்குப் பிடிக்கும். 1921 பெங்களூர், புதிதாகக் குடித்தனம் வந்திருக்கும் காவேரி, கணவர் டாக்டர், கணக்குப் பாடத்தில் அவளுக்கு உயிர். இஸ்மாயில் என்ற போலீஸ் அதிகாரி அதில் வருகிறார், நேர்மையானவர், அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். அவருக்குத் தெரியாததில்லை, ஆனால் அவர் போய் நின்றால் சில வீடுகளில் பெண்கள் பேச மாட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். லண்டன் மாநகரப் போலீஸிலேயே பெண்கள் சேர்ந்தது 1919-ல், அவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடைத்தது 1923-ல். அதுவரை ஒரு பெண்ணை விசாரித்தது எல்லாம் ஆண்கள்தான் என்றால், எத்தனை விஷயம் சொல்லப்படாமலே போயிருக்கும்!

கேள்வி: 1890-களில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தில் நடக்கும் மர்ம நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். துப்புத் துலக்குவது வீட்டின் இளம் விதவை. எட்டு மாதம் ஆராய்ச்சி செய்து, முதல் அத்தியாயத்தில் உடை, நகை, விளக்கு, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து எல்லாவற்றையும் பத்துப் பக்கம் வர்ணித்திருக்கிறேன். படித்த நண்பர் தூக்கம் வருகிறது என்கிறார். சரித்திரத்தை எவ்வளவு வைக்கலாம்?

பத்துப் பக்கத்தையும் அனுப்பியிருந்தீர்கள், முழுதும் படித்தேன். உழைப்பு தெரிகிறது. நண்பர் சொல்வதும் உண்மைதான்.

கிறிஸ்டியின் எகிப்து நாவலுக்கு வருகிறேன். அதை எழுதச் சொன்னவர் அவருடைய நண்பர், ஸ்டீபன் கிளான்வில் என்ற எகிப்தியல் பேராசிரியர். கிறிஸ்டி அவரிடம் துளைத்துத் துளைத்துக் கேட்டது அரசர்களின் போர்களைப் பற்றி அல்ல. என்ன சாப்பிட்டார்கள், எதில் வைத்துச் சாப்பிட்டார்கள், ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தார்களா, எந்த அறையில் தூங்கினார்கள், இதெல்லாம்தான். காரணம் இருக்கிறது. யார் எங்கே உட்காருவார், எங்கே தூங்குவார் என்று தெரியாமல் ஒரு கொலையை அமைக்க முடியாது.

கதைக்கு வித்து ஒரு கடிதக்கட்டு. ஹெகநக்த் என்ற நிலக்காரர், ஏறத்தாழ நாலாயிரம் வருஷத்துக்கு முன் வெளியூரிலிருந்து வீட்டுக்கு எழுதியவை. 1921-22-ல் ஒரு கல்லறையில் தோண்டி எடுத்தார்கள். நிலத்தை யார் உழ வேண்டும், வீட்டில் இன்னின்னாருக்கு இவ்வளவு தானியம் என்று ஆள் ஆளாகப் பட்டியல், தன் புது மனைவியை வீட்டில் மரியாதையாக நடத்தவில்லை என்று திட்டு. ஒரு சண்டைக்கார வீடு முழுசாக அதில் இருக்கிறது. கிறிஸ்டி செய்தது, வயதானவர் ஒருவர் இளம் ஆசைநாயகியை வீட்டுக்குக் கூட்டி வருகிறார், யாருக்குப் பங்கு குறையும் என்று எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான். தாய்வீடு திரும்பிய இளம் விதவை ரெனிசென்ப் கண் வழியாக நாம் பார்க்கிறோம். உங்கள் நாயகிக்கு அவள் அக்கா மாதிரி, அவசியம் படியுங்கள். கண் மங்கிப்போன பாட்டி ஈசாவையும் கவனியுங்கள். ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட கிழவி எவ்வளவு கேட்கிறாள் என்று தெரியும்.

உங்கள் நாவலில் இளம் விதவையை எந்த அறைக்குள் விடமாட்டார்கள்? எந்த அறையில் அவள் இருப்பதையே மறந்துவிடுவார்கள்? இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். நான் இந்த நாவல்களைப் படிக்கும்போது பின் அட்டையில் பென்சிலால் இதைத்தான் குறித்துவைப்பேன்: அறை, யார் போகலாம், எந்த நேரம், பூட்டு உண்டா. ஆசிரியர் ஏமாற்றினால் அந்த நாலு வரியில் மாட்டிக்கொள்வார். இன்னொன்று, உங்கள் நாயகி இரண்டாம் பக்கத்திலேயே 'என் உரிமையை யாரும் பறிக்க முடியாது' என்கிறாள். 1890-களில் அப்படி நினைத்த பெண்கள் இருந்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் மாமியார் எதிரில் அதைச் சத்தமாகச் சொன்னவளை அந்த வீடு மறுநாளே அறைக்குள் அடைத்திருக்கும், உங்கள் கதை அங்கேயே நின்றுவிடும். அவள் அதை மனசில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பாத்திரம் எடுக்கிற சாக்கில் உள்ளே போகட்டும்.

அந்தப் பத்துப் பக்கத்தில் ஒரு வரி எனக்கு மறக்கவில்லை. பெரிய மாமியார் உட்காரும்போதெல்லாம் சாவிக்கொத்து தரையில் பட்டு ஒலிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலாவது அத்தியாயத்தில் அந்த அம்மாள் வந்து உட்கார்கிறாள், சத்தமே கேட்கவில்லை. அதைக் கவனிக்கிற ஒரே ஆள் உங்கள் நாயகியாக இருக்கட்டும். உடையையும் விளக்கையும் வெட்டிவிட்டு, அந்த ஒரு வரியை முதல் பக்கத்துக்கு எடுத்துப் போங்கள். நாலாவது அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.